ஒன்பது சென்டிமீட்டர் காற்று

சலவை ஆலையில் மேலாளர் தொடங்கி வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் பாய்லர் அண்ணன்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். பதினாலு வயதில் பாய்லருக்கு அடியில் சாம்பல் அள்ள வந்து, அள்ளின கையாலேயே மேலே ஏறி, முப்பத்தாறு வருஷமாக பாய்லர் அறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். பட்டம் வாங்கிய பொறியாளர்கள் எட்டுப் பேர் அந்த ஆலைக்கு வந்தார்கள், போனார்கள். நீராவி மட்டும் இவர் பேச்சைத்தான் கேட்டது. இதை அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார் என்பது உண்மை. பொய் என்று மறுத்தவன் ஒருவனும் இல்லை என்பதும் உண்மை.

பாய்லர் ஓட்டச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பரீட்சையை அவர் வாயாலேயே எழுதினார். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். “கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டம் தெரியல. என்ன பண்ணுவே?” என்று கேட்டார்கள். முன்னால் போன நாலு பேரும் உடனே தண்ணீர் விடுவேன் என்று சொல்லி முகம் தொங்க வெளியே வந்திருந்தார்கள். இவர் நின்றபடியே சொன்னார்: “முதல்ல தீயை அணைப்பேன். ஒரு சொட்டுத் தண்ணி விடமாட்டேன். காய்ஞ்சு கிடக்கிற பாய்லர்ல பச்சைத் தண்ணி பட்டா நான், நீங்க மூணு பேரு, இந்த மேஜை எல்லாரும் ஒண்ணாத்தான் மேலே போவோம்.” நடுவில் இருந்தவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். அதற்குப் பிறகு இவர் தன் கையெழுத்தை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டார். மற்றதெல்லாம் வாயால் சொல்வார், பக்கத்தில் இருப்பவன் குறிப்பேட்டில் எழுதுவான்.

அப்படிப்பட்ட ஆள் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

வெறும் தூக்கம் என்றால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். தண்ணீர் மட்டம் இறங்கி அபாயச் சங்கு அலறியது. சலவைக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். சங்குக்கு ஆறடி தூரத்தில் இருந்தவர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. பர்னர் தானாக நின்றுவிட்டதால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வந்த மச்சான்தான் ஓடிப்போய்ச் சங்கை நிறுத்தி, தோளைப் பிடித்து உலுக்கினான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. இவரே கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவன். அவனும் இவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவான்; இவர் அவனை மாப்ளே என்பார்.

“என்னடா மாப்ளே?” என்றார், வாயைத் துடைத்துக்கொண்டே.

“சங்கு ஊதுச்சு மச்சான்.”

“கேட்டுச்சு. கண்ணை மூடி யோசிச்சிட்டு இருந்தேன்.”

“குறட்டை விட்டு யோசிச்சீங்க.”

விஷயம் மேலாளரிடம் போனது. மேலாளர் ஆலை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஓர் இரவு தூங்கவைத்துப் பார்த்தார். மறுநாள் வந்த தாளில் மணிக்கு நாற்பத்தாறு தடவை மூச்சு நிற்கிறது என்று இருந்தது.

“கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சு நின்னா, நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணுமே டாக்டர்?”

“ஒவ்வொரு தடவையும் மூளை உங்களைத் தட்டி எழுப்புது அண்ணே. அதனாலதான் போய்ச் சேரல. அதனாலதான் பகல்ல தூங்குறீங்க.”

டாக்டர் வயதில் சிறியவர். பேச்சு மெதுவாக இருக்கும், முடிவு அப்படி இருக்காது. வீட்டில் வைத்து மூச்சுக்குக் காற்று தள்ளும் மெஷின் ஒன்று வாங்க வேண்டும். முப்பது நாள் ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் அதைப் போட்டுத் தூங்க வேண்டும். மூச்சு நிற்பது மணிக்கு ஐந்துக்குக் கீழே இறங்க வேண்டும். அதுவரை ஸ்டோர் அறையில் சோப்பு டிரம்மும் கையுறையும் எடுத்துக் கொடுக்கட்டும். இறங்காவிட்டால் ஓய்வு பெறும்வரை மூன்று வருஷமும் ஸ்டோர்தான். எதையும் யாரும் சொல்ல வேண்டியதில்லை, மெஷினே எல்லாவற்றையும் உள்ளே பதிந்து வைத்துக்கொள்ளும் என்றார்.

மூன்று வருஷம் சோப்பு டிரம்.

மெஷின் விற்கும் கடையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வேலையில் சுத்தம். ஒன்றுக்கு மூன்று மாஸ்க் எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். வாயைத் திறந்து தூங்குகிறவர் என்பதால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்தான் சரி என்றாள். பட்டையை இழுத்துக் காற்றைத் திறந்துவிட்டு, ஓரத்தில் எங்கும் கசியவில்லை என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டாள்.

“பல் செட்டு ஏதாவது கட்டியிருக்கீங்களா ஐயா?”

“எனக்கா? ஏம்மா, என் வாயில ஒரு பல்லு ஆடுதான்னு பாரு” என்று ஈ என்று காட்டினார். பளிச்சென்று முப்பத்திரண்டுக்குக் குறையாத வரிசை. அவள் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டாள்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒரு பல்லும் ஆடவில்லை. ஆட வேண்டியவை எல்லாம் நாலு வருஷத்துக்கு முன்பே ஆடி முடித்துவிட்டன. வேலைக்குப் பத்து நாள் லீவு போட்டு, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய், மேலும் கீழும் முழு செட்டாகக் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். இதை அவர் சொன்னது மனைவியிடம் மட்டும். மச்சானிடம்கூடச் சொல்லவில்லை. ‘இந்த வயசுல பல்லைப் பாரு, உழைச்ச உடம்பு’ என்று ஆலையில் எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது. ராத்திரி படுக்கும்போது கழற்றி, மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீரில் போட்டு, அலமாரியில் வேட்டிக்குப் பின்னால் வைத்துவிடுவார்.

பகலில் பல் போட்ட முகத்துக்கு அளவெடுத்த மாஸ்க் அது. ராத்திரி போட்டுக்கொள்ளப் போவது வேறு முகம்.

அந்தப் பெண் கடைசியில் மெஷினின் சின்னத் திரையைத் தொட்டு ஏதோ செய்தாள். “பிரஷர் ஒன்பதுல வச்சிருக்கேன் ஐயா. டாக்டர் எழுதினது அதுதான்.”

பிரஷர் என்றதும் அவர் நிமிர்ந்தார். “ஒன்பது என்னம்மா? கிலோவா?”

“சென்டிமீட்டர் தண்ணி ஐயா.”

அவர் மனக்கணக்குப் போட்டார். ஒரு கிலோ அழுத்தம் என்றால் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும். அவருடைய பாய்லர் ஏழு கிலோவில் நிற்கும். ஒன்பது சென்டிமீட்டர் என்றால் ஒரு டம்ளர் உயரம்கூட இல்லை.

“இவ்வளவுதானா? ஊதினா மெழுகுவத்தி அணையுமா இதுல?”

“மெழுகுவத்திய அணைக்கிறதுக்கில்ல ஐயா, தொண்டை மூடாம இருக்கிறதுக்கு. கூட்டணும் குறைக்கணும்னா நாங்கதான் செய்யணும். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாத மாதிரி பூட்டியிருக்கு.”

பூட்டியிருப்பதை அவள் எப்படித் திறந்தாள் என்பதை அவர் பார்த்துவிட்டிருந்தார். பொத்தானையும் திருகையும் சேர்த்து அழுத்தி, மூன்று எண்ணி விட்டாள். மூன்றாவது வரிக்குப் போய்த் திருகினாள். அவ்வளவுதான். அவர் தெரிந்துகொண்ட தொழில் முழுக்க அடுத்தவன் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஒரு தடவை பார்த்த கையை அவர் மறந்ததே இல்லை.

முதல் ராத்திரி மனைவி மாஸ்க் போட்டவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஏங்க, இந்தக் கோலத்துல கனவுல யாராவது பார்த்தா பயந்துடுவாங்க.”

மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். அது வசவு என்று மட்டும் தெரிந்தது.

காலையில் திரையில் மூன்று விஷயம் வரும். எத்தனை மணி நேரம் போட்டிருந்தார், மாஸ்க் ஒழுங்காக ஒட்டியிருந்ததா, மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது. ஒட்டியிருந்தால் சிரித்த முகம், கசிந்திருந்தால் சிவப்பு நிறத்தில் அழுத முகம். அழுத முகம் வந்தது. மூச்சு நின்றது பதினெட்டு.

“நாப்பத்தாறுல இருந்து பதினெட்டு. பார்த்தியா?” என்றார்.

“அஞ்சுன்னாரே டாக்டரு.”

“ஒரே நாள்ல இறங்கிடுமா? பாய்லரே சூடாக ரெண்டு மணி நேரம் ஆகும்.”

நாலு நாள் பார்த்தார். பதினெட்டு, பத்தொன்பது, பதினேழு, பதினெட்டு. அழுத முகம் மாறவே இல்லை. அவர் அந்த முகத்தைச் சட்டை செய்யவில்லை. அவருக்கு வேண்டியது எண்தான்.

ஆனால் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஐந்தாம் நாள் காலை, படுக்கையை உதறிக்கொண்டே சொன்னாள்: “பல்லைக் கழட்டினா உங்க கன்னம் ரெண்டும் உள்ளே போயிடுது. வாய் சுருங்கிடுது. அந்த ரப்பரு எதுல போய் ஒட்டும்? ராத்திரி பூரா உஸ்சுனு பாம்பு மாதிரி சத்தம். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா வேற மாஸ்க் குடுப்பா.”

“எதைச் சொல்றது?”

“பல்லு கட்டினதைத்தான்.”

“அவ தாள்ல எழுதுவா. தாள் டாக்டர்கிட்ட போகும். டாக்டர் மேலாளர்கிட்ட சொல்வாரு. சாயங்காலம் துணி மடிக்கிற பொம்பளைங்க வரைக்கும் போயிடும். வேலையைப் பாரு.”

“ஊருக்கெல்லாம் உங்க பல்லைப் பத்தித்தான் பேச்சு பாருங்க.”

ஒரு ராத்திரி பல்லோடேயே படுத்துப் பார்த்தார். ஈறு அழுத்தி வலித்தது. நடுவில் மேல்செட்டு கழன்று தொண்டைப் பக்கம் வருவதுபோல் இருக்கவே பதறிப்போய் எடுத்து வைத்தார். அந்த வழி அதோடு முடிந்தது.

பிறகுதான் அவர் தொழில்காரராக யோசித்தார். சலவைக் கூடத்தின் கடைசியில் ஒரு இஸ்திரி உருளை உண்டு. பாய்லரிலிருந்து நூறு அடி தூரம். ‘சூடு வரல அண்ணே’ என்று அங்கிருந்து ஆள் ஓடிவந்தால் அவர் பாய்லரில் அரைக் கிலோ கூட்டுவார். பத்து நிமிஷத்தில் அங்கே சூடு ஏறிவிடும். முப்பத்தாறு வருஷமாகப் பலித்த வைத்தியம். மெஷின் மேஜைமேல், தொண்டை ஆறடிக் குழாய்க்கு அந்தப் பக்கம். காற்று போய்ச் சேரவில்லை என்றால் கூட்ட வேண்டியதுதானே?

ஆறாம் நாள் பொத்தானையும் திருகையும் சேர்த்து அழுத்தினார். மூன்று எண்ணினார். திறந்துகொண்டது. மூன்றாவது வரியை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குத் திருகினார்.

மறுநாள் பதினாறு வந்தது. அவருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஸ்டோரில் கையுறை வாங்க வந்தவனிடம், “எந்த மெஷினா இருந்தாலும் என் கை பட்டாத்தான் படியும்” என்றார். எந்த மெஷின் என்று அவன் கேட்கவில்லை; இவரும் சொல்லவில்லை.

மூன்று நாளைக்குப் பிறகு பதின்மூன்றுக்கு ஏற்றினார். எண் பத்தொன்பதுக்குப் போனது. போதவில்லை என்று முடிவு கட்டினார். பதினைந்துக்கு ஏற்றினார். எண் இருபத்து நாலு.

பதினைந்து வைத்தபின் மாஸ்க் ஓரமெல்லாம் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கண்ணுக்குள் அடித்ததால் காலையில் கண் இரண்டும் மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தது. மீதிக் காற்று வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பட்டையை இறுக்கினார். மூக்குத் தண்டில் புண் வந்தது. மத்தியானம் ஸ்டோர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஏப்பம் விட்டுக்கொண்டே இருந்தார்.

மச்சான் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ஜன்னலில் வந்து சாய்ந்தான். “மச்சான், கண்ணு ஏன் இப்படி இருக்கு? அக்கா அடிச்சிருச்சா?”

“உங்கக்கா அடிக்கிற அளவுக்கு இன்னும் வளரல. பாய்லர் எப்படிடா ஓடுது?”

“நீங்க இருந்தா எப்படி ஓடுமோ அப்படித்தான்.”

“அப்படி ஓட வாய்ப்பே இல்லையே.”

“இருக்கே. ஒரு நாள்கூட சங்கு ஊதல.”

“கையுறை வேணுமா, வேணாமா? வேணாம்னா ஜன்னலை விட்டு நகரு. வெளிச்சம் மறைக்கிறே” என்றார். மச்சான் நகராமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, “அந்த மெஷின் எண் இறங்குச்சா?” என்று கேட்டான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. “இறங்கும்” என்றார். உள்ளுக்குள் பதினொரு நாள்தான் மீதி என்று ஓடிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மெஷின் கடைப் பெண் வீட்டுக்கு வந்தாள். மாதத்தின் நடுவில் ஒரு தடவை வந்து பார்ப்பது வழக்கமாம். மனைவி நாற்காலி எடுத்துப் போட்டாள். பெண் மெஷினின் பக்கவாட்டில் இருந்து நகம் அளவு கார்டு ஒன்றை உருவித் தன் கணினியில் சொருகினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். புருவம் மேலே போனது.

“பிரஷர் பதினஞ்சுல இருக்கே ஐயா?”

“இருக்கா? கரண்டு போயிட்டுப் போயிட்டு வருது, அதுல ஏறியிருக்கும்.”

“கரண்டு போனா நிக்கும் ஐயா, ஏறாது. ஆறாம் நாள் ராத்திரி ஒன்பதே காலுக்குப் பதினொண்ணு. ஒன்பதாம் நாள் பதின்மூணு. பன்னெண்டாம் நாள் பதினஞ்சு. எல்லாம் நேரத்தோட பதிஞ்சிருக்கு.”

மனைவி தரையைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். “நான்தான்மா” என்றார் கடைசியில். “பத்தலையேன்னு கூட்டினேன்.”

“எப்படித் திறந்தீங்க?”

“உன் கையைப் பார்த்துத்தான்.”

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “இதை நான் ரிப்போர்ட்டுல எழுதணும் ஐயா.”

“எழுதாம விட முடியாதாம்மா? என் பொழப்பு அதுல தொங்குது.”

“நீங்க பாய்லர் குறிப்பேட்டுல நடக்காததை எழுதுவீங்களா?”

“நான் எழுதவே மாட்டேன். சொல்றதோட சரி. மாப்ளே எழுதுவான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். “சரி, அது இருக்கட்டும். முதல் நாள்ல இருந்தே மாஸ்க் கசியுது. ஒன்பதுலயும் கசிஞ்சிருக்கு. அதுதான் எனக்குப் புரியல. போடுங்க, பார்ப்போம்.”

போட்டார். அவள் ஒன்பதுக்கு இறக்கிக் காற்றைத் திறந்தாள். ஒரு துளி கசிவு இல்லை. படுக்கச் சொன்னாள். இல்லை. பக்கவாட்டில் திரும்பச் சொன்னாள். அப்போதும் இல்லை.

“பகல்ல பெவிகால் போட்ட மாதிரி ஒட்டுது. ராத்திரி மட்டும் எப்படிக் கசியும்? தாடி வளர்க்கல. முகத்துல எண்ணெய் கிண்ணெய் தடவுறீங்களா?”

“இல்லை.”

“ராத்திரிக்கும் இப்பவும் என்ன வித்தியாசம் ஐயா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

அவர் மாஸ்க் பட்டையைச் சரிசெய்துகொண்டார். மனைவி அவரைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் சொல்ல வேண்டியதை அவள் முந்திச் சொன்னதில்லை.

பெண் கணினியை மூடினாள். “அப்போ இந்த மெஷின் இவருக்கு ஒத்து வரலன்னுதான் எழுத வேண்டியிருக்கும். எனக்கு வேற காரணம் தெரியல.”

ஒத்து வரவில்லை என்று ஒரு வரி போதும். அதற்கப்புறம் மூன்று வருஷம் ஸ்டோர் ஸ்டூல்.

அவர் எழுந்தார். மாஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கிண்ண மூடி டங் என்றது. திரும்பி வந்தபோது துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை எடுத்தார்.

கன்னம் இரண்டும் குழி விழுந்திருந்தது. உதடு உள்ளே மடிந்து கிடந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் இருந்த ஆளுக்கு அண்ணன்போல, பத்து வயது மூத்த ஆள்.

“இதுதான்மா ராத்திரி முகம்” என்றார். பல் இல்லாத வாயிலிருந்து அந்தச் சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்தன.

பெண் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவும் இல்லை. மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் வைத்துக் காற்றைத் திறந்தாள். கன்னத்து ஓரம் இரண்டிலும் உஸ் என்று சீறியது. “ம்” என்று தலையாட்டினாள். பையைத் திறந்து அகலம் குறைந்த ரப்பர் விளிம்பு ஒன்றை எடுத்து மாட்டினாள். சீறல் பாதியானது. அதையும் கழற்றிவிட்டு, இன்னும் மெத்தென்ற, உள்பக்கம் மடிப்பு வைத்த ஒன்றைப் போட்டாள். பட்டையை இறுக்குவதற்குப் பதிலாகத் தளர்த்தினாள். சத்தம் நின்றது. பிரஷர் ஒன்பது.

அறை அமைதியாக இருந்தது. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது, அதுவும் சீராக.

இணைப்பு கசிகிற இடத்தில் அழுத்தத்தைக் கூட்டினால் கசிவுதான் கூடும். இது சாம்பல் அள்ளுகிறவனுக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாமல் இல்லை. எங்கே கசிகிறது என்று பார்க்க விருப்பம் இல்லாமல் போனதுதான் விஷயம்.

“பல் செட்டு உண்டுன்னு தாள்ல திருத்திக்கிறேன் ஐயா. பிரஷர் மாத்தினதும் எழுதுவேன். மாஸ்க் சரியாயிடுச்சுன்னும் எழுதுவேன்” என்றாள் பெண், கிளம்பும்போது.

“எழுதிக்கோ” என்றார்.

மறுநாள் காலை சிரித்த முகம் வந்தது. எண் ஆறு. அதற்கடுத்த நாள் நாலு. பிறகு மூன்று சொச்சம், மூன்று, இரண்டு சொச்சம். மத்தியானம் ஸ்டோரில் கொட்டாவி வரவில்லை. வராததைக் கவனிக்கவே அவருக்கு நாலு நாள் ஆனது.

முப்பதாம் நாள் டாக்டர் அறையில் மேலாளரும் இருந்தார். கதவோரம் மச்சான் நின்றான். பாய்லரை யார் கையில் கொடுப்பது என்று முடிவாக வேண்டுமே. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

“கடைசிப் பத்து நாளும் அஞ்சுக்குக் கீழே இருக்கு. அதை வச்சே உங்களைப் பாய்லருக்குத் திருப்பி அனுப்பிடலாம்னு நினைச்சேன் அண்ணே. ஆனா இதுல ஒரு வரி இருக்கு. மெஷின் பிரஷரை நீங்களே மூணு தடவை மாத்தியிருக்கீங்க.”

“மாத்தினேன் டாக்டர்.”

“ஒண்ணு கேக்குறேன். உங்க பாய்லர் சேஃப்டி வால்வை ஒருத்தன் யாருக்கும் சொல்லாம மூணு தடவை திருகி வச்சிட்டான்னு வைங்க. ஒண்ணும் ஆகல. அப்புறம் பழையபடி வச்சாச்சு. அவனை மறுநாள் பாய்லர் அறைக்குள்ள விடுவீங்களா?”

விடுவேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேலாளர் ஏற்கெனவே பேனாவை எடுத்துத் தயாராக இருந்தார். மச்சான்கூட வாயசைத்துக் காட்டினான்.

“விடமாட்டேன்” என்றார்.

“எத்தனை நாளைக்கு?”

“அவன் கை அடங்கிச்சுன்னு எனக்குத் தெரியணும். ஒரு முப்பது நாள் வெளியே உக்கார வச்சுப் பார்ப்பேன்.”

டாக்டர் அதையே எழுதினார். ‘இன்னும் முப்பது நாள்’ என்று எழுதி மேலாளர் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்ததும் மச்சான் கையைப் பிடித்தான். “ஏன் மச்சான் வாயைக் குடுத்தீங்க? விடுவேன்னு சொல்லியிருந்தா இப்ப நாற்காலியில இருந்திருப்பீங்க.”

“கேட்டது பாய்லரைப் பத்திடா. அதைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டு அங்கேயே போய் உக்காரச் சொல்றியா?” சொல்லிவிட்டு ஸ்டோர் பக்கம் நடந்தார். நாலு எட்டு வைத்தவர் நின்றார். “தாள்ல பல்லைப் பத்தி ஒரு வரி இருந்துச்சே, படிச்சியா?”

“படிச்சேன்.”

“யார்கிட்டயாவது சொன்னே...”

“எனக்கு நாலு வருஷமாத் தெரியும் மச்சான். முன்பல்லு ரெண்டும் ஒரு நாள்ல நேரா ஆயிடுச்சு. ஆலையில எல்லாருக்கும்தான் கண்ணு இருக்கு.”

அவர் நாக்கால் முன்பல் இரண்டையும் தடவிப் பார்த்தார். பிறகு மறுபடி ஸ்டோரைப் பார்த்து நடந்தார்.

அடுத்த முப்பது நாளும் மெஷினை ஒன்பதிலேயே விட்டார். பொத்தானைத் தொட்டது போடவும் நிறுத்தவும் மட்டும்தான். முடிவில் சராசரி இரண்டு புள்ளி எட்டு. டாக்டர் கையெழுத்துப் போட்டார், மேலாளர் போட்டார், அவரும் தன் கையெழுத்தைப் போட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பாய்லர் அறைக்குள் நுழைந்தார். மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்து துண்டால் அதைத் துடைத்துவிட்டு நகர்ந்து நின்றான். அவர் உட்காரவில்லை. ஒரு சுற்று வந்தார். கண்ணாடிக் குழாய் துடைத்துப் பளபளவென்று இருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. முள் ஏழு கிலோவில் அசையாமல் நின்றது. இரண்டு மாதத்தில் ஒரு குறையாவது இருக்கும் என்று நம்பி வந்தவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. தண்ணீர் பம்ப் பக்கம் குனிந்து காதை வைத்தார்.

“பம்ப் சத்தம் சரியில்லையேடா மாப்ளே.”

மச்சானும் குனிந்து கேட்டான். “சரியாத்தானே மச்சான் இருக்கு?”

அவர் இன்னொரு தடவை காதை வைத்துக் கேட்டார்.

“சரியாத்தான் இருக்கு” என்றார். “நீ வீட்டுக்குப் போ.”